ஹெலிகாப்டர் துரத்தல் இல்லாமல் காட்டுக்குதிரைகளை நிர்வகிக்க முடியுமா? பணியகத்துக்குக் கருத்து எழுத உதவி தேவை

ரீனோ செந்தில்

எல்லோருக்கும் வணக்கம். நெவாடாவுக்குக் குடிவந்து சில ஆண்டுகள் ஆகின்றன. ஊருக்குக் கிழக்கே குன்றுகளில் குதிரைக் கூட்டங்கள் மேய்வதைக் காரில் போகும்போது பார்ப்பதுண்டு. அதற்கு மேல் அவற்றைப் பற்றி நினைத்ததில்லை. சமீபத்தில் மகளின் பள்ளிப் பாடவேலைக்காக, வடக்கே பாலோமினோ பள்ளத்தாக்குக்குப் போனோம். அமெரிக்கப் பொது நிலங்களைப் பார்த்துக்கொள்ளும் கூட்டாட்சி அமைப்பான நில மேலாண்மைப் பணியகம், பிடித்த காட்டுக்குதிரைகளை அடைத்துவைக்கும் பட்டிகள் அங்கே இருக்கின்றன. அங்கிருந்து வந்தது முதல் மனம் ஒரு நிலையில் இல்லை.

இரும்புக் குழாய் வேலிக்குள் தூசி. வரிசையாகத் தீவனத் தொட்டிகள். நூற்றுக்கணக்கான குதிரைகள். யாரும் அவற்றை அடிக்கவில்லை, பட்டினி போடவும் இல்லை, வேளைக்குத் தீவனம் வருகிறது. ஆனாலும் நாள் முழுவதும் மலையில் திரிந்த விலங்கு இப்படி நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒவ்வொன்றின் கழுத்திலும் இடப்பக்கம் வெள்ளை மயிரில் கோணல் மாணலாக ஏதோ குறிகள். மகள் அவற்றைத் தன் நோட்டில் வரைந்துகொண்டாள். என்ன பொருள் என்று கேட்டாள், சொல்லத் தெரியவில்லை.

இப்போது மாநிலத்தின் வடக்கே ஒரு மந்தைப் பகுதியில் ஹெலிகாப்டர் வைத்துக் குதிரைகளைப் பிடிக்கப் போகிறார்களாம். அதற்கான சுற்றுச்சூழல் மதிப்பீட்டின் மீது பொதுமக்கள் கருத்து எழுதலாம் என்று அறிவிப்பு வந்திருக்கிறது. எழுத ஆசை. ஆனால் எதைப் படித்தாலும் ஒரு தரப்பு ‘குதிரைகள் நிலத்தை அழிக்கின்றன’ என்கிறது, மறு தரப்பு ‘மாட்டுப் பண்ணையாளர்களுக்காகக் குதிரைகளைப் பலியிடுகிறார்கள்’ என்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியுமா? பிடித்து அடைத்துத் தீனி போடுவதைவிட உருப்படியான வழி ஏதாவது உண்டா? இதில் நேரடி அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். கோபமாக எழுத எனக்கே தெரியும். பயனுள்ளதாக எழுதத்தான் உதவி வேண்டும்.

எல்கோ இராஜன்

செந்தில், மேய்ச்சல் நில அறிவியல் படித்துவிட்டு இந்தப் பக்கம் நில ஆலோசகனாக இருப்பவன் நான். என் வாடிக்கையாளர்களில் பண்ணையாளர்களும் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாராவது கண்டுபிடித்ததாகச் சொல்ல வேண்டாம்.

இந்த நிலம் இவ்வளவுதான் தாங்கும் என்று பணியகமே வகுத்த உகந்த எண்ணிக்கை, குதிரை, கழுதை இரண்டுக்கும் சேர்த்து நாடு முழுவதற்கும் சுமார் 25,500. 2020 மார்ச்சில் பொது நிலத்தில் இருந்தவை 95,000-க்கும் மேல். அதன்பின் வேகமாகப் பிடித்ததில் 2024-இல் 73,500 அளவுக்கு இறங்கியது. இன்னும் ஏறக்குறைய மூன்று மடங்கு. கொன்று தின்னும் விலங்கு என்று சில இடங்களில் மலைச்சிங்கம் இருக்கிறது, பெரும்பாலான இடங்களில் ஒன்றும் இல்லை. ஆண்டுக்கு 15 முதல் 20 சதவீதம் பெருகும் கூட்டம் நாலைந்து ஆண்டில் இரட்டிப்பாகும்.

ஆகஸ்டில் ஒரு சுனையைப் போய்ப் பாருங்கள். மாட்டுக்கு உரிமம் உண்டு, தேதி உண்டு. வறட்சி என்றால் பணியகம் ஒரு கடிதம் போட்டால் பண்ணையாளர் மாட்டை ஓட்டிக்கொண்டு போயாக வேண்டும். குதிரைக்கு யார் கடிதம் போடுவது? பன்னிரண்டு மாதமும் அங்கேயேதான் நிற்கும். மேல்தாடையிலும் வெட்டுப்பல் இருப்பதால் புல்லை அடிவரை கடிக்கும். தண்ணீர்த் துறையில் பிராங்ஹார்ன் மானையும் எல்க் மானையும் அண்டவிடாது. சுனையைச் சுற்றி இருந்த புல்திட்டு குளம்புபட்டுச் சேறாகி, பிறகு காய்ந்து கல்லாகிவிடும். அந்த இடத்தில் அடுத்து முளைப்பது சீட்கிராஸ் என்னும் அயல் புல். அது ஜூனிலேயே காய்ந்து தீக்குத் தீனியாகும். ஹெலிகாப்டர் பார்க்க நன்றாக இருக்காதுதான். தாகத்தில் சாகும் குதிரையும் பார்க்க நன்றாக இருக்காது.

மங்கை (கிராண்ட் ஜங்ஷன்)

முதலில் உங்கள் மகளின் கேள்வி. அது உறைகுறி. இரும்பைத் திரவ நைட்ரஜனில் குளிரவைத்து, மயிர் மழித்த கழுத்தில் சில விநாடிகள் அழுத்துவார்கள். நிறம் தரும் செல்கள் மட்டும் செத்துவிடும், அந்த இடத்தில் பிறகு வெள்ளை மயிர் முளைக்கும். வெள்ளைக் குதிரையாக இருந்தால் இன்னும் கொஞ்சம் அழுத்தி மயிரே முளைக்காமல் செய்வார்கள். முதல் குறி அமெரிக்க அரசைக் குறிப்பது. அடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும் இரண்டும் பிறந்த ஆண்டு. பிறகு வருவது பதிவு எண். ஒவ்வொரு கோணமும் எந்தத் திசை பார்த்துத் திரும்பியிருக்கிறதோ அதைப் பொறுத்து ஓர் இலக்கம். திருடன் திருத்தி எழுத முடியாத எழுத்து. நோட்டில் சரியாக வரைந்திருந்தால் அந்தக் குதிரைகளின் வயதை உங்கள் மகளே கணக்கிட்டுவிடுவாள்.

நான் கால்நடை மருத்துவ உதவியாளர். என் வீட்டுப் பின்புறம் நிற்கும் பெண்குதிரையின் கழுத்திலும் அந்தக் குறி இருக்கிறது. பல ஆண்டுகளாகக் கொலராடோவின் மேற்கே ஒரு மந்தையில் கருத்தடை ஊசி போடும் தன்னார்வக் குழுவில் இருக்கிறேன். அதனால் என் கருத்து எந்தப் பக்கம் சாயும் என்று இராஜன் சார் கேட்காமலே தெரிந்துகொள்வார்.

சார் சொன்ன சுனை உண்மை. நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதிலிருந்து ‘ஆகவே பிடி, அடை’ என்று தாவுவதைத்தான் ஏற்க முடியவில்லை. பட்டிகளிலும் ஒப்பந்தப் பண்ணைகளிலும் இன்று அரசு வைத்துத் தீனி போடும் குதிரை, கழுதைகள் 60,000-க்கும் மேல். அதற்கு மட்டும் 2023 நிதியாண்டில் 10 கோடி டாலருக்கு மேல் போயிற்று. மொத்தத் திட்டச் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அது. மிஞ்சியதில்தான் கணக்கெடுப்பு, சுனை வேலி, தத்தெடுப்பு, கருத்தடை எல்லாம். 2022-இல் நிலத்திலிருந்து அகற்றியவை ஏறக்குறைய 20,000. கருத்தடை மருந்து பெற்றவை 2,000-ஐக்கூட எட்டவில்லை. பிடித்த ஒவ்வொரு குதிரையும் 25 ஆண்டுகூட வாழலாம். இந்த ஆண்டு பிடிப்பதால் அடுத்த ஆண்டு தீனிச் செலவு ஏறும், தீனிச் செலவு ஏறுவதால் மருந்துக்குப் பணம் இருக்காது, மருந்து இல்லாததால் குட்டிகள் பிறக்கும், பிறந்ததைப் பிடிக்க மறுபடி ஹெலிகாப்டர். இதைப் புதிதாக நான் கண்டுபிடிக்கவில்லை. தேசிய அறிவியல் கழகத்தின் குழு 2013-லேயே சொல்லிவிட்டது. இடையிடையே பிடித்துக் கூட்டத்தைக் குறைப்பதால் மீந்தவற்றுக்குப் புல் தாராளமாகக் கிடைக்கிறது, அதனால் அவை முழுவேகத்தில் ஈனுகின்றன என்று. உகந்த எண்ணிக்கையை எப்படி வகுத்தார்கள் என்பதே வெளியாருக்கு விளங்கும்படி இல்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. அந்த 25,500-ஐ வேதவாக்காக எடுத்துக்கொள்ளும் முன் அதையும் நினைவில் வையுங்கள்.

என்னைக் கேட்டால் கோளாறு ஓரிடத்தில்தான். குதிரை பட்டிக்குள் வந்த பிறகுதான் அரசு அதைத் தனி உயிராகப் பார்க்கிறது. கழுத்தில் எண், பெயரில் கோப்பு, தடுப்பூசிப் பட்டியல், ரத்தப் பரிசோதனை, குளம்பு சீரமைப்பு என்று அத்தனையும் அப்போதுதான் தொடங்குகிறது. அதற்கு முந்தின நாள் வரை மலையில் அது வெறும் மதிப்பீட்டு எண்ணிக்கையில் ஒரு பங்கு. பணமும் கவனமும் வேலிக்கு இந்தப் பக்கம் கொட்டப்படுகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும். நான் கேட்கும் சீர்திருத்தம் இவ்வளவுதான்.

எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். முதலில் நோட்டு. ஒவ்வொரு பெண்குதிரைக்கும் ஒரு பக்கம். நெற்றியில் சுட்டி, மூக்கில் கோடு, எந்தக் காலில் வெள்ளை எதுவரை, பிடரி எந்தப் பக்கம் விழுகிறது, எந்தப் பொலிகுதிரையின் கூட்டத்தில் இருக்கிறாள், எந்த ஆண்டு குட்டி போட்டாள், கடைசி ஊசி இடது தொடையிலா வலது தொடையிலா. இதெல்லாம் தெரிந்தால்தான் டார்ட் என்னும் ஊசி அம்பை எய்யும் துப்பாக்கியைத் தொட முடியும். மருந்தின் பெயர் பிசெட்பி, பன்றியின் சினைமுட்டை உறையிலிருந்து எடுப்பது. குதிரையின் உடல் அதற்கு எதிராக உண்டாக்கும் எதிர்ப்பொருள் அவளுடைய சொந்த முட்டையையும் சூழ்ந்துகொள்வதால் விந்து ஒட்டாது. அவ்வளவுதான், ஹார்மோனைத் தொடுவதில்லை. மருந்தை அங்கேயே கலக்க வேண்டும். இரண்டு ஊசிக்குழல்களை வாயோடு வாய் இணைத்து, மருந்தையும் எண்ணெய்ப் பொருளையும் இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்கும் தள்ளிக்கொண்டே இருப்போம். ஆரம்பத்தில் தண்ணீராக ஓடுவது போகப் போகக் கட்டைவிரல் வலிக்கும் அளவுக்குக் கெட்டிப்படும். அந்தப் பதம் வராமல் டார்ட்டில் ஏற்றினால் பயன் இல்லை. பிறகு நாற்பது, ஐம்பது மீட்டருக்குள் போய் நிற்க வேண்டும். பக்கவாட்டில் தொடை முழுசாகத் தெரிய வேண்டும், பின்னால் குட்டி நிற்கக் கூடாது, காற்று அடங்கியிருக்க வேண்டும். இவை கூடிவர ஒரு பகல் போய்விடும். டார்ட் பட்டதும் அவள் துள்ளி நாலடி ஓடுவாள், திரும்பிப் பார்ப்பாள், மறுபடி மேய்வாள். டார்ட் தானாக விழும். சேஜ் புதருக்குள் அதைத் தேடி எடுப்பதுதான் உண்மையில் எரிச்சலான வேலை.

இது நடக்காத கதை இல்லை. கொலராடோவின் தென்மேற்கே ஸ்பிரிங் கிரீக் பேசின் பகுதியில் 2011 முதல் இப்படித்தான் செய்கிறார்கள். அந்த ஆண்டுக்குப் பின் அங்கே ஹெலிகாப்டர் வந்ததில்லை. மேரிலாந்தின் அசட்டீக் தீவில் தேசியப் பூங்காத் துறை 1994 முதல் இதே மருந்தைக் கொடுத்து, 170-க்கும் மேல் இருந்த கூட்டத்தை நூறுக்குள் கொண்டுவந்தது. அங்கே பெண்குதிரைகள் ஆண்டுதோறும் ஈனும் பாடு இல்லாமல் கூடுதல் காலம் வாழ்ந்தன, அதனால் எண்ணிக்கை மெதுவாகத்தான் இறங்கியது. பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஒத்துவராது.

இன்னொன்று, செந்தில். ஊருக்குக் கிழக்கே நீங்கள் பார்ப்பவை பெரும்பாலும் வர்ஜீனியா மலைத்தொடர்க் குதிரைகள். பொது நிலத்தில் திரியும் காட்டுக்குதிரை, கழுதைகளுக்கான 1971 கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் அவை வருவதே இல்லை. நெவாடா மாநில வேளாண்மைத் துறையின் பொறுப்பு. அங்கே 2019 முதல் ஒரு தொண்டு நிறுவனம் ஏறக்குறைய 3 லட்சம் ஏக்கரில் ஆயிரக்கணக்கான டார்ட்டுகள் போட்டிருக்கிறது. உங்கள் வீட்டு வாசலிலேயே உதாரணம் நிற்கிறது.

எல்கோ இராஜன்

மங்கை, நீங்கள் சொல்வது எல்லாம் சரி, எந்த இடத்துக்கு என்பதுதான் கேள்வி. ஸ்பிரிங் கிரீக் 22,000 ஏக்கர், நூறுக்கும் குறைவான குதிரைகள். ஒருவரே எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். வர்ஜீனியா மலைத்தொடரில் இருப்பவை ஊர் ஓரத்துக் குதிரைகள், வீட்டு முற்றத்துப் புல்லைத் தின்று பழகியவை, மனிதனைக் கண்டால் தலையைக்கூட நிமிர்த்தாது. மையநெவாடாவுக்கு வாருங்கள். ஒரே மந்தைப் பகுதி பல லட்சம் ஏக்கர். வண்டியின் தூசி எழும்போதே அவை அடுத்த பள்ளத்தாக்கில் இருக்கும். நாற்பது மீட்டராம்! நானூறு மீட்டரில் ஒரு பெண்குதிரையின் நெற்றிச் சுட்டியைப் பார்த்தாலே அது பெரிய நாள். நாட்டில் உள்ள குதிரைகளில் ஏறக்குறைய பாதி இந்த மாநிலத்தில்தான் இருக்கின்றன. உங்கள் நோட்டு இங்கே செல்லாது.

கிங்மன் சலீமா

யாரும் கழுதையைப் பற்றிப் பேசாததால் நான் வருகிறேன். சட்டத்தின் பெயரிலேயே கழுதை இருக்கிறது, எல்லாப் பேச்சும் குதிரையிலேயே முடிந்துவிடுகிறது.

அரிசோனாவில் நாங்கள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பிளாக் மவுண்டன் பகுதி. சுரங்கக்காரர்கள் தாது சுமக்கக் கொண்டுவந்து, சுரங்கம் மூடியதும் விட்டுப்போனவற்றின் வம்சம். ஓட்மன் என்ற பழைய சுரங்க ஊரில் அவை கடைத்தெருவிலேயே சுற்றுலாப் பயணிகளிடம் தீனி கேட்டு நிற்கும். நான் செவிலியர். இரவுப் பணி முடிந்து வரும்போது நெடுஞ்சாலையில் கழுதை மோதிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் ‘பாவம், விட்டுவிடுங்கள்’ என்று மட்டும் எழுத எனக்கு மனம் வராது. நாடு முழுவதற்கும் கழுதைகளுக்கு வகுத்த எண்ணிக்கை 3,000-க்கும் குறைவு. உண்மையில் இருப்பவை அதைப்போலப் பல மடங்கு.

ஆனால் குதிரைக்கு வகுத்த முறையைக் கழுதைக்கு அப்படியே பொருத்துகிறார்கள். கழுதை கூட்டமாக மிரண்டு ஓடாது. ஹெலிகாப்டர் வந்தால் நாலு பக்கமும் சிதறும், சில நின்று முறைக்கும். பாறை இடுக்கில் வெயிலில் துரத்தினால் ஆபத்து. மன அழுத்தத்தில் தீனியை நிறுத்திவிட்டால் ரத்தத்தில் கொழுப்பு ஏறிச் சாகும் நோய் கழுதைக்குச் சீக்கிரம் வரும். தண்ணீர் வைத்துப் பொறியில் பிடிப்பதே அதற்கு ஏற்றது. பாலைவனத்தில் தண்ணீர் இருக்கும் இடத்துக்கு அது வந்தே தீரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இராஜன் அண்ணா சுனையைப் பாழாக்குவது பற்றிச் சொன்னார். வறண்ட ஓடைகளில் கழுதை தானே குழி தோண்டி நிலத்தடி நீரை எடுக்கும். இரண்டு மீட்டர் ஆழம்வரைகூடத் தோண்டும். அந்தக் குழிகளுக்கு வேறு பல விலங்குகளும் பறவைகளும் வந்து குடிப்பதைக் கேமரா வைத்துப் பதிவு செய்து, 2021-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஆய்வு வெளியானது. எல்லா இடத்திலும் நன்மை என்று சொல்லவில்லை. சிறு ஊற்றுகளை அவை மிதித்துக் கெடுப்பதும் உண்டு. ஒரே விலங்கு ஓர் ஓடையில் கிணறு வெட்டுகிறது, அடுத்த பள்ளத்தில் சேறாக்குகிறது. இடத்துக்கு இடம் பார்த்து முடிவு செய்யுங்கள் என்றுதான் நான் எழுதுவேன்.

ரீனோ செந்தில்

மூவருக்கும் மிக்க நன்றி. உறைகுறி விளக்கத்தை மகளுக்குப் படித்துக் காட்டினேன். இப்போது நோட்டோடு உட்கார்ந்திருக்கிறாள்.

மங்கை அக்கா, இராஜன் சார் கேட்டதற்கு என்ன பதில்? பெரிய மந்தைப் பகுதிக்கு ஹெலிகாப்டரைத் தவிர வழியே இல்லையா? தத்தெடுப்பை அதிகப்படுத்தினால் பட்டிகள் காலியாகாதா? மாடுகளைக் குறைக்கச் சொல்லி எழுதினால் யாராவது காது கொடுப்பார்களா?

மங்கை (கிராண்ட் ஜங்ஷன்)

இராஜன் சார் சொன்ன இடத்தில் டார்ட் போட முடியாது. ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. அங்கே செய்யக்கூடியது, பிடித்து, மருந்து கொடுத்து, அதே மலையில் திரும்ப விடுவது. அதற்கு கோனகான் என்ற மருந்து உண்டு. முதல் ஊசிக்குப் பின் குறைந்தது முப்பது நாள் கழித்து இரண்டாவது போட்டால் பல ஆண்டுகளுக்குக் கரு தங்காது. ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி வரலாம், சிலவற்றுக்கு வரும். பிசெட்பி போல அல்லாமல் இது ஹார்மோன் சுழற்சியையே அடக்கும் மருந்து, அதனால் எங்கள் குழுவிலேயே சிலருக்கு இதில் உடன்பாடு இல்லை. எனக்கு உண்டு. ஒரு முறை துரத்தப்பட்டுத் திரும்பிப் போவது, ஒரு முறை துரத்தப்பட்டுத் திரும்பவே போகாமல் இருப்பதைவிடப் பெரிது.

இதில் சிக்கல் எங்கே தெரியுமா? அந்த முப்பது நாள் பெண்குதிரைகளை வைத்திருக்கப் பட்டியில் இடம் வேண்டும். பட்டிகள் நிரந்தரமாக அடைபட்டவற்றால் நிரம்பியிருக்கின்றன. இடம் இல்லாததால் இரண்டாம் ஊசி போடாமலே விடுவது அல்லது விடாமலே வைத்துக்கொள்வது. நீங்கள் பார்த்த அந்த வரிசை வரிசையான வேலிகளில் ஒரு பகுதியைச் சிகிச்சைக்கு மட்டும் என்று ஒதுக்கச் சொல்லி எழுதுங்கள். பட்டியில் நெரிசல் இன்னொரு விதத்திலும் கொல்லும். 2022 ஏப்ரலில் எங்கள் மாநிலத்தில் கேன்யன் சிட்டி பட்டியில் குதிரைக் காய்ச்சல் பரவி 140-க்கும் மேல் செத்தன. தடுப்பூசி போட்டு முடிக்காத குதிரைகளிடம் அது புகுந்துவிட்டது.

தத்தெடுப்பு நல்லது, ஆனால் அளவு தெரிந்து பேச வேண்டும். என் பெண்குதிரையை எடுக்கும் முன் ஆறடி வேலி போட்டேன், ஒரு தலைக்கு 400 சதுர அடி இடம் காட்டினேன், ஓராண்டு கழித்துத்தான் உரிமைப் பத்திரம் வந்தது. முதல் மாதங்களில் அவள் பக்கத்தில் போய் நிற்கவே விடவில்லை. எல்லோராலும் முடிகிற காரியம் இல்லை. 2019-இல் அரசு ஒரு தலைக்கு 1,000 டாலர் ஊக்கத்தொகை என்று அறிவித்தது. எண்ணிக்கை ஏறியது. கூடவே, பணத்துக்காக எடுத்து, பத்திரம் கைக்கு வந்ததும் ஏலத்தில் தள்ளியவர்களும் வந்தார்கள். அந்த ஏலங்களில் வாங்கும் லாரிகள் மெக்சிகோவுக்கோ கனடாவுக்கோ போய் அறுப்புக்கூடத்தில் நிற்கும். 2021-இல் பத்திரிகைகளில் வந்தது, 2025 மார்ச்சில் கொலராடோ கூட்டாட்சி நீதிமன்றம் அந்தத் திட்டத்தையே ரத்து செய்தது. அந்த ஆயிரத்தைக் குதிரையை எடுப்பவருக்குக் கொடுக்காமல், எடுக்கும் முன் குதிரையைப் பழக்குபவருக்குக் கொடுத்திருந்தால் நான் கைதட்டியிருப்பேன். சேணத்துக்குப் பழகிய குதிரைக்கு எப்போதும் ஆள் உண்டு. கார்சன் சிட்டியில் சிறைக்கைதிகள் பழக்கிய குதிரைகளை ஏலத்தில் போட்டி போட்டு எடுத்திருக்கிறார்கள்.

அறுப்பைப் பற்றி இன்னும் ஒரு வரி, ஏனென்றால் இது பலருக்குத் தெரியாது. ஆரோக்கியமான குதிரையைக் கொல்லவோ அறுப்புக்கு விற்கவோ கூடாது என்பது நிரந்தரச் சட்டமே அல்ல. 1978 திருத்தம் உபரி விலங்கை அழிக்க இடம் தருகிறது. 2004 திருத்தம் பத்து வயது கடந்ததையோ மூன்று முறை யாரும் எடுக்காததையோ நிபந்தனை இன்றி விற்க இடம் தருகிறது. இவற்றைத் தடுத்து நிறுத்துவது ஆண்டுதோறும் நிதி மசோதாவில் சேர்க்கப்படும் ஒரு வாசகம். ஓர் ஆண்டு அதைச் சேர்க்க மறந்தால், அல்லது வேண்டுமென்றே மறந்தால், கதை வேறு. இதைப் பணியகத்துக்கு எழுதிப் பயனில்லை, உங்கள் காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுதுங்கள். குடியுரிமை இல்லாவிட்டாலும் எழுதலாம், தொகுதியில் வசிப்பதே போதும்.

மாடு. காது கொடுப்பார்களா என்று கேட்டால், கஷ்டம். ஒரு மாடும் கன்றும் ஒரு மாதம் பொது நிலத்தில் மேய 2019 முதல் 2025 வரை கட்டணம் 1.35 டாலர். பல மந்தைப் பகுதிகளில் புல்லின் பெரும்பங்கு மாட்டுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. 1971-இல் குதிரைகள் இருந்த நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இன்று அவற்றின் கையை விட்டுப் போய்விட்டது. இதையெல்லாம் ‘பண்ணையாளர் ஒழிக’ என்ற தொனியில் எழுதினால் குப்பைக்குப் போகும். கூட்டாட்சி விதித்தொகுப்பு 43-இல் 4710.5 என்று ஒரு பிரிவு இருக்கிறது. குதிரைகளுக்காக ஒரு பகுதியில் கால்நடை மேய்ச்சலை மூட அதிகாரம் தருவது. அந்த எண்ணைக் குறிப்பிட்டு, இந்தப் பகுதியில் அதைப் பரிசீலித்தீர்களா, இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். அப்போது பதில் எழுதாமல் தப்புவது கஷ்டம்.

எல்கோ இராஜன்

4710.5 பற்றிச் சொன்னதால் என் வாடிக்கையாளர்கள் என்னைத் திட்டப் போகிறார்கள். போகட்டும். ஆனால் மேய்ச்சலை மூடினாலும் குதிரைகள் பெருகி அதே புல்லை ஐந்தாண்டில் தின்று முடிக்கும் என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். அதற்குத்தான் நான் இருக்கிறேன்.

பட்டியில் சிகிச்சைக்கு இடம் ஒதுக்கச் சொன்னது எனக்கும் உடன்பாடு. ஒரு நிபந்தனை: பெரும்பகுதிப் பெண்குதிரைகளுக்குப் போட்டால்தான் அது வேலை செய்யும். கையில் கிடைத்த சிலவற்றுக்குப் போட்டு விட்டால் மற்றவை அந்தக் குறையை ஈடுகட்டிவிடும். ஆகவே முதல் சுற்றில் துரத்தல் பெரிதாகவே இருக்கும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். 2019-இல் மாட்டுப் பண்ணையாளர் சங்கமும் விலங்கு நல அமைப்புகள் சிலவும் ஒரே தாளில் கையெழுத்திட்டார்கள். அதில் இருந்ததும் ஏறக்குறைய இதுதான்: ஆரம்பத்தில் அதிகம் பிடிப்பது, கூடவே கருத்தடை. பிடிப்பது நடந்தது. கருத்தடை பின்தங்கிவிட்டது.

செந்தில், மதிப்பீட்டோடு இணைப்பாகப் புல் பயன்பாட்டு அளவீடுகளும் சுனைகளின் நிலை அறிக்கையும் இருக்க வேண்டும். எந்த ஆண்டு அளந்தது, மாடு அங்கே இருந்த மாதத்தில் அளந்ததா, போன பிறகு அளந்ததா என்று பாருங்கள். மாடு போன பின்பும் புல் இறங்கிக்கொண்டே போனால் அது குதிரையின் வேலை. அந்தப் பிரிப்பே இல்லாமல் குதிரையை மட்டும் குற்றம் சாட்டியிருந்தால் கேளுங்கள். நானே கேட்பேன்.

ரீனோ செந்தில்

இது போதும் என்று நினைக்கிறேன். இணையத்தில் ஒரு அமைப்பு ஆயத்தக் கடிதம் வைத்திருக்கிறது, பெயர் மட்டும் போட்டு அனுப்பலாமாம். அதையும் சேர்த்து அனுப்பினால் பலம் கூடுமா?

மங்கை (கிராண்ட் ஜங்ஷன்)

வேண்டாம். ஆயத்தக் கடிதம் ஆயிரம் பேரிடமிருந்து வந்தாலும் அதை ஒரே கருத்தாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் சொந்த வாக்கியத்தில் ஒரு பக்கம் போதும். கழுதைகளும் அந்தப் பகுதியில் இருந்தால் சலீமா சொன்ன தண்ணீர்ப் பொறியைத் தனிப் பத்தியாக எழுதுங்கள், குதிரையோடு கலக்காதீர்கள்.

எழுத உட்காரும் முன் ஆவணத்தில் மாற்று வழிகள் பற்றிய அத்தியாயத்தைத் திறந்து, ‘பரிசீலித்து, விரிவான ஆய்வின்றி விலக்கப்பட்டவை’ என்ற துணைத்தலைப்புக்கு நேராகப் போங்கள். டார்ட், தண்ணீர்ப் பொறி, மாடு குறைப்பு எல்லாம் அங்கேதான் தலைக்கு நாலு வரியில் முடிக்கப்பட்டிருக்கும். மற்ற பக்கங்களை விட்டுவிடுங்கள். அந்த நாலு நாலு வரிகளுக்கு மட்டும் பதில் எழுதுங்கள், கெடு தேதிக்கு முந்தின நாள் வரை காத்திருக்காமல்.